சிவந்திருந்தால் இரத்தம் ஓடுகிறது என்று பொருளா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு ஆறு மாதமாக சைனஸ் தொல்லை. மூன்று முறை ஆன்டிபயாடிக் கொடுத்தும் தீரவில்லை. முதலில் பார்த்த மருத்துவர், "வீங்கிய இடத்துக்கு இரத்த ஓட்டம் குறைவு, அதனால்தான் மாத்திரை போய்ச் சேரவில்லை" என்றாராம். அடுத்தவர் எண்டோஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "உள்ளே செக்கச்செவேல் என்று இருக்கிறது, இரத்தம் ஏராளமாகப் பாய்கிறது" என்றாராம். முயல்களுக்கு சைனஸ் அழற்சியை உண்டாக்கி இரத்த ஓட்டத்தை அளந்திருக்கிறார்கள் என்று இவர் எங்கோ படித்திருக்கிறார். அதை எப்படி அளக்கிறார்கள், அதை வைத்து இரண்டு மருத்துவர்களில் யார் சொன்னது சரி என்று முடிவு செய்ய முடியுமா என்பது கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று அளவீட்டைப் பற்றியது. அது என் தொழில். புதுச்சேரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடலியங்கியல் கற்பித்தேன். அதில் சில ஆண்டுகள் காது மூக்கு தொண்டைத் துறை நண்பர் ஒருவருடன் சேர்ந்து முயல்களின் சைனஸ் சவ்வில் இரத்த ஓட்டத்தை அளந்திருக்கிறேன். இன்னொன்று, அப்பாவுக்கு ஏன் குணமாகவில்லை என்பது. அதற்கு நான் பொதுவாக மட்டுமே பதில் சொல்ல முடியும். நான் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவன் அல்ல, உங்கள் அப்பாவை நேரில் பார்க்கவும் இல்லை. ஆனால் முதல் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டால் இரண்டாவதில் பாதி தெளிந்துவிடும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஐயமில்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு என்பது வேறு, ஓட்டம் என்பது வேறு. ஒரு திசு சிவந்திருக்கிறது என்றால் அந்தக் கணத்தில் அங்கே இரத்தம் நிறைய இருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான். அது நகர்கிறதா, எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதை நிறம் சொல்லாது. மாசிமகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகும் சாலையை நினைத்துப் பாருங்கள். வேறெந்த நாளிலும் இல்லாத அளவுக்கு அங்கே ஆட்கள் இருப்பார்கள். ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒருவர் கடந்து போகும் தூரம் சாதாரண நாளில் நடப்பதைவிடக் குறைவாக இருக்கும். அழற்சியின் தொடக்கத்தில் தமனிகள் விரிவதால் இரத்தம் அதிகம் வருகிறது, வேகமாகவும் ஓடுகிறது. பிறகு நாளங்களின் சுவர் கசிந்து நீர் திசுவுக்குள் இறங்குகிறது. உள்ளே மிஞ்சிய இரத்தம் கெட்டியாகிறது, வெள்ளை அணுக்கள் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன, வீக்கத்தின் அழுத்தம் மெல்லிய சிரைகளை நசுக்குகிறது. அந்தக் கட்டத்தில் சிவப்பு அப்படியே இருக்கும், ஓட்டம் மந்தமாகியிருக்கும். ஆக, உங்கள் இரண்டு மருத்துவர்களும் ஒரே சவ்வைப் பற்றிப் பேசியிருந்தாலும் ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதைப் பொய்யாக்காது. எண்டோஸ்கோப்பில் தெரிந்தது இரத்தத்தின் அளவு. முதலாமவர் சொன்னது ஓட்டம் பற்றிய ஊகம். அதை அவர் அளக்கவில்லை. வெளிநோயாளிப் பிரிவில் அதை அளக்கும் வழக்கமும் இல்லை.

இனி அளக்கும் முறைகளுக்கு வருகிறேன். எதையும் நேரடியாக அளக்க முடியாது என்பதுதான் இதில் சிக்கல். சைனஸ் சவ்வுக்கென்று தனியாக ஒரு குழாய் இருந்து, அதில் மீட்டர் பொருத்த முடிந்தால் வேலை எளிது. அங்கே இருப்பதோ மயிரிழையைவிட மெல்லிய ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள். எனவே மறைமுக வழிகளைத்தான் கண்டுபிடித்தார்கள். அவற்றில் மூன்றைச் சொல்கிறேன்.

முதல் வழி, கரைத்துவிட்டு வெளுப்பதைப் பார்ப்பது. வாய்க்கால் தண்ணீரில் சொட்டு நீலம் ஊற்றினால் ஓட்டம் வேகமாக இருக்கும் இடத்தில் சீக்கிரம் வெளுக்கும், தேங்கிய இடத்தில் நீலம் நிற்கும். ஜெர்மன் உடலியங்கியலாளர் அடோல்ஃப் ஃபிக் 1870-இல் வகுத்த விதியின் வழித்தோன்றல் இது. ஸெனான்-133 என்னும் கதிரியக்க வாயுவை உப்புநீரில் கரைத்து ஒரு துளி திசுவில் செலுத்துவார்கள். இரத்தம் அதை அடித்துக்கொண்டு போகும். வெளியே வைத்த கருவி கதிர்வீச்சு குறைவதைக் காட்டும். பாதியாகக் குறைய ஒரு நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், இரத்தத்தோடு ஒப்பிட்டால் திசுவில் ஸெனான் கரையும் விகிதத்தை 0.7 என்று எடுத்துக் கணக்கிடும்போது, 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்கு 48 மி.லி.க்குச் சற்று மேல் வரும். இரண்டு நிமிடம் ஆனால் 24. கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் சைனஸ் என்பது காற்று நிரம்பிய அறை. ஸெனான் ஒரு வாயு. அது இரத்தத்தில் மட்டும் போகாது, சவ்வின் மேற்பரப்பு வழியாக அறைக் காற்றுக்கும் தப்பிவிடும். தப்பியது எல்லாம் இரத்தம் கொண்டுபோனதாகக் கணக்கில் ஏறும். வீங்கிய சவ்வில் நீர் கூடுவதால் அந்த 0.7 என்ற எண்ணும் நகரும். ஊசி குத்திய காயமே இரத்த ஓட்டத்தை மாற்றும். இந்த மூன்று ஓட்டைகளையும் அடைக்காமல் சொல்லும் எண்ணை நான் நம்பமாட்டேன்.

இரண்டாவது வழி நுண்கோளங்கள். 1967-இல் ருடால்ஃப், ஹேமன் என்ற இருவர் கருவிலிருந்த ஆட்டுக்குட்டிகளில் இரத்தம் எந்த உறுப்புக்கு எவ்வளவு பிரிகிறது என்று காட்டியது இந்த முறையால்தான். பாசனக் கால்வாயின் தலைமதகில் ஒரு கூடைக் கடுகைக் கொட்டுகிறோம், ஒவ்வொரு வயலின் மடையிலும் கடுகு நுழையாத வலை கட்டியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மடையில் எவ்வளவு கடுகு சிக்கியதோ அந்த விகிதத்தில்தான் அங்கே தண்ணீரும் போயிருக்கும். இங்கே கடுகு என்பது 15 மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள பிளாஸ்டிக் உருண்டைகள். அவற்றை இதயத்தின் இடது கீழறைக்குள் செலுத்துவார்கள். அவை இரத்த அணுவைப்போல் இரு மடங்கு பருமன் என்பதால் நுண்குழாயில் சிக்கி நின்றுவிடும். அதே நேரத்தில் தொடைத் தமனியிலிருந்து ஒரு பம்பு நிலையான வேகத்தில் இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். நிமிடத்துக்கு 2 மி.லி. உறிஞ்சிய பம்பில் 1000 உருண்டைகள் வந்து, சவ்வுத் துண்டில் 50 இருந்தால், அந்தத் துண்டின் ஓட்டம் நிமிடத்துக்கு 0.1 மி.லி. மற்ற முறைகளில் இத்தனை ஊகங்களைக் கடந்துதான் மி.லி. கணக்குக்கு வர முடியும். அதனால்தான் இதை நெடுநாள் உரைகல்லாக வைத்திருந்தார்கள்.

ஆனால் மேலே நான் சொன்ன 50 என்ற எண்ணை மறுபடி பாருங்கள். உருண்டைகள் சிக்குவது தற்செயல் நிகழ்வு. 400 உருண்டைகளாவது இருந்தால்தான் அளவீடு பத்து சதவீதத்துக்குள் நிற்கும் என்று 1971-இலேயே கணக்கிட்டுக் காட்டிவிட்டார்கள். 16 உருண்டைகள் மட்டும் இருந்தால் அதே கணக்கில் பிழை ஐம்பது சதவீதம் வரை போய்விடும். முயலின் சைனஸ் சவ்வைச் சுரண்டி எடுத்தால் தராசில் சில பத்து மில்லிகிராம்கள்தான் தேறும். அதில் 400 சிக்க வேண்டுமானால் உடல் முழுவதற்கும் ஏராளமாகச் செலுத்த வேண்டும். அளவு மீறினால் அடைப்பே இரத்த ஓட்டத்தைக் கெடுத்துவிடும். இன்னொன்றும் உண்டு. மூக்கின் சவ்வில் தமனியிலிருந்து சிரைக்கு நேரே தாண்டும் குறுக்குவழிகள் இருக்கின்றன. அந்த வழியாக உருண்டைகள் நழுவி நுரையீரலுக்குப் போய்விடும். ஆக, நுண்கோளம் காட்டுவது திசுவுக்கு உண்மையில் ஊட்டம் தரும் ஓட்டத்தை மட்டும். குறுக்குவழியில் போனதை அது கணக்கில் எடுப்பதில்லை. மருந்து சேர்கிறதா என்ற உங்கள் கேள்விக்கு அந்த ஊட்ட ஓட்டம்தான் முக்கியம் என்பதால், இந்தக் குறை நமக்கு ஒரு வகையில் உதவியே. இந்த முறையில் திசுவை வெட்டி எடுத்துத்தான் எண்ண முடியும். விலங்கு உயிரோடு மீள்வதில்லை. மனிதரில் செய்ய முடியாததற்கும், விலங்கு தேவைப்படுவதற்கும் இதுவே காரணம்.

மூன்றாவது வழி லேசர் டாப்ளர். நான் அதிகம் பழகியது இதில்தான். ஓடும் அணுவின் மேல் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வெண் சற்றே மாறும். 1972-இல் முதன்முதலாக இதைக் கொண்டு ஒரு முயலின் விழித்திரை நாளத்தில் ஓட்டத்தை அளந்தார்கள். 1975-இல் மனிதத் தோலில். கருவி திரும்பத் தரும் எண், நகரும் அணுக்களின் எண்ணிக்கையையும் அவற்றின் சராசரி வேகத்தையும் பெருக்கி வருவது. அதற்கு மி.லி. என்ற அலகு கிடையாது. ஆகவே, "இரத்த ஓட்டம் இவ்வளவு மி.லி." என்று லேசர் டாப்ளரை மட்டும் வைத்துச் சொல்லும் கட்டுரையைக் கண்டால் ஐயப்படுங்கள். "முன்பு இருந்ததைவிட இத்தனை மடங்கு கூடியது, குறைந்தது" என்று சொல்வதற்கே அது ஏற்றது.

அந்த அளவீடு எவ்வளவு நுட்பமானது என்று காட்ட ஒரு காட்சியைச் சொல்கிறேன். மயக்கத்தில் இருக்கும் முயலின் மூக்கெலும்பின் பக்கவாட்டில் பற்சிகிச்சைத் துரப்பணத்தால் பட்டாணி அளவுக்கு ஒரு சாளரம் திறந்திருக்கும். உள்ளே ஈரம் மினுங்கும் இளஞ்சிவப்புச் சவ்வு. ஒளியிழை முனையை ஒரு தாங்கியில் பிடித்து, திருகை மிக மெதுவாகச் சுற்றி இறக்குவேன். முனை சவ்வைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்போது திரையில் கோடு இதயத் துடிப்போடு ஏறி இறங்கும். திருகு இன்னும் ஒரு மயிரிழை இறங்கினால் போதும், சவ்வின் நிறம் முனையைச் சுற்றி வெளுக்கும், கோடு படுத்துவிடும். என் விரல்தான் அங்கே இரத்தத்தை நிறுத்தியிருக்கிறது. பின்னோக்கிச் சுற்றினால் சில நொடிகளில் கோடு பழைய உயரத்தையும் தாண்டி எழும்பிப் பிறகு அடங்கும். மேலே மின்விசிறி ஓடினால் திறந்த சவ்வு காய்ந்து கோடு மெல்ல இறங்கும். அதனால் புதுச்சேரியின் சித்திரை வெயிலிலும் விசிறியை நிறுத்திவிட்டு, வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த பஞ்சைச் சாளரத்தைச் சுற்றி வைத்துக்கொண்டு வேலை செய்தோம்.

லேசர் டாப்ளரில் பலரும் கவனிக்காத ஒரு பொறி இருக்கிறது. அதன் ஒளி திசுவுக்குள் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் ஆழம்தான் போகும். நலமான சைனஸ் சவ்வு அதைவிட மெல்லியது. எனவே நலமான முயலில் ஒளி சவ்வைக் கடந்து அடியிலிருக்கும் எலும்பின் இரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. அழற்சியில் சவ்வு பல மடங்கு தடித்துவிடும். அப்போது மேல்தளத்தை மட்டும் பார்க்கிறது. ஒரே கருவி, ஒரே இடம், ஆனால் நோய்க்கு முன்னும் பின்னும் பார்ப்பது வெவ்வேறு அடுக்குகள். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது இதை மறந்தால், வீக்கத்தின் தடிமனை இரத்த ஓட்டத்தின் மாற்றம் என்று எழுதிவிடுவோம்.

எதால் வகுக்கிறோம் என்பதும் இதைப் போலவே ஏமாற்றும். இதைத்தான் என் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஒரு சவ்வுத் துண்டு 100 மில்லிகிராம், அதன் ஓட்டம் நிமிடத்துக்கு 0.1 மி.லி. என்று கொள்ளுங்கள். 100 கிராமுக்கு 100 மி.லி. என்றாகிறது. அழற்சியில் நீர் கோத்து எடை 200 மில்லிகிராம் ஆகிறது, ஓட்டம் 0.15 மி.லி. ஆகிறது. "சைனஸுக்கு வரும் இரத்தம் ஒன்றரை மடங்கு கூடியது" என்று ஒருவர் எழுதலாம். "சவ்வின் இரத்த ஓட்டம் 75 ஆகக் குறைந்தது" என்று இன்னொருவர் எழுதலாம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் முழு அறைக்குக் கணக்கிட்டார், மற்றவர் எடைக்குக் கணக்கிட்டார். அழற்சியில் இரத்த ஓட்டம் கூடுகிறதா குறைகிறதா என்பதில் முரண்பட்ட கட்டுரைகளைப் படித்துக் குழம்பியிருந்தால், ஒவ்வொன்றிலும் வகுத்தது எதால் என்று முதலில் பாருங்கள். முரண்பாட்டில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிலிருந்துதான் நான் அதிகம் கற்றேன். தொடக்கத்தில் எங்கள் முயல்களில் காலையில் எடுத்த அளவு உயர்ந்தும், அதே முயலில் நேரம் போகப் போகக் குறைந்தும் வந்தது. நோய் முற்றுவதால் ஓட்டம் குறைகிறது என்று நான் மகிழ்ந்து குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். நண்பர்தான் நோயில்லாத முயலிலும் அதே நேர அட்டவணையில் அளந்து பார்ப்போம் என்றார். அதிலும் அதே இறக்கம். காரணம் மயக்க மருந்து. கெட்டமினுடன் நாங்கள் சேர்த்துக் கொடுத்த சைலஸின் இதயத்தின் வேகத்தைக் குறைக்கும், புற நாளங்களையும் சுருக்கும். மூக்கடைப்புச் சொட்டு மருந்துகள் எந்த ஏற்பிக் குடும்பத்தின் மேல் (ஏற்பி என்பது செல்லில் மருந்து வந்து ஒட்டும் இடம்) வேலை செய்து மூக்கின் நாளங்களைச் சுருக்குகின்றனவோ, இதுவும் அதே குடும்பத்தின் மேல்தான் வேலை செய்கிறது. ஒவ்வொரு முறை மயக்கத்தை நீட்டிக்க ஊசி போட்டபோதும் நான் அளக்க வந்த பொருளையே மாற்றிக்கொண்டிருந்தேன். அத்தனை பக்கங்களையும் குறுக்கே கோடிட்டு அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். அதன்பின் இரத்த அழுத்தம், உடல் வெப்பம், மூச்சுக் காற்றின் கரியமிலவாயு ஆகிய மூன்றும் பக்கத்தில் எழுதப்படாத எந்த எண்ணையும் நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

விலங்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பதில் நிறைவாகாது. முயலை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால், அதன் உடலளவுக்கு மேல்தாடை சைனஸ் பெரியது, எட்டுவதும் எளிது. எலியிலும் சுண்டெலியிலும் அந்த இடத்தில் இருப்பது ஒரு சிறு குழிவு மட்டுமே. சைனஸின் திறப்பை அடைத்துவிட்டு நிமோனியாக் கிருமி போன்ற ஒன்றை உள்ளே விட்டால் சில நாட்களில் சீழ் கட்டும். ஆனால் முயலுக்கு இயற்கையிலேயே ஒரு மூக்கு நோய் உண்டு, பாஸ்டுரெல்லா என்னும் கிருமியால் வருவது. முயல் மூக்கைத் துடைப்பது முன்னங்கால்களால். அதனால் காலின் உட்புற முடி சளி காய்ந்து கற்றை கற்றையாக ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் ஒரு முயலை ஆய்வில் சேர்க்க வேண்டும். அப்படி ஒட்டியிருந்த முயலை "நலமான முயல்" என்று ஒப்பீட்டுக்கு வைத்தால் ஆய்வே வீண். செம்மறியாட்டின் நெற்றி சைனஸையும் சில ஆய்வகங்கள் பயன்படுத்துகின்றன. நம் பக்கத்து ஆடு மேய்ப்பவர்களுக்குத் தெரிந்த மூக்குப் புழு, அதாவது ஈ ஒன்றின் இளம்புழு, ஆடுகளின் சைனஸில் தானாகவே அழற்சியை உண்டாக்கிவிடும். அங்கேயும் இதே எச்சரிக்கை வேண்டும். ஒரே விலங்கின் மறுபக்க சைனஸை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்வது விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைக்கும், அதனால் எனக்குப் பிடித்த வழி. ஆனால் ஒரு பக்கத்தின் எரிச்சல் நரம்பு வழியாக மறுபக்க நாளங்களையும் தொடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இந்தியாவில் இத்தகைய ஆய்வு எதுவும் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் நடக்கக் கூடாது. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ஒரு முயல் போதும் என்ற இடத்தில் இரண்டாவதை எடுப்பது தவறு. அதே அளவு தவறு, அளவீட்டைச் சரியாகச் செய்யாமல் ஒரு முயலின் உயிரை வீணாக்குவதும்.

இப்போது அப்பாவிடம் வருவோம். முயல் ஆய்வு காட்டுவது பெரும்பாலும் சில நாட்கள், சில வாரங்கள் நீடிக்கும் கிருமி நோயை. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் மனிதரில் அது நாட்பட்ட சைனஸ் அழற்சி என்ற வேறு நோய். அதில் கிருமியைவிட உடலின் சொந்த எதிர்ப்பு அணுக்களின் பங்கு பெரிதாக இருக்கும் நோயாளிகள் பலர். மூக்கில் சதை வளர்ந்திருந்தால், அந்தச் சதை வெளிறிய சாம்பல் நிறத்தில் நீர் கோத்த பை போல இருக்கும், அதில் நாளங்கள் குறைவு. சிவந்த சவ்வுள்ள நோய்க்கும் வெளிறிய சதையுள்ள நோய்க்கும் முயலின் ஒரே எண்ணைப் பொருத்த முடியாது. ஆக, "முயலில் அளந்தார்கள், எனவே உங்கள் அப்பாவுக்கு இரத்த ஓட்டம் குறைவு" என்ற தாவல் நிற்காது. முதல் மருத்துவர் சொன்னது நடக்க வாய்ப்புள்ள ஒன்று. நிறுவப்பட்ட ஒன்று அல்ல.

மருந்து சேரவில்லை என்ற பேச்சில் இரத்த ஓட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சீழுக்கு இரத்த நாளம் கிடையாது. சவ்வுக்கு இரத்தம் நன்றாகப் பாய்ந்தாலும், மருந்து அங்கிருந்து கசிந்துதான் அறைக்குள் தேங்கிய சீழைச் சேர வேண்டும். திறப்பு அடைத்த அறையில் பிராணவாயு குறைவு. ஜென்டமைசின் போன்ற மருந்துகள் பிராணவாயு இல்லாத இடத்தில் கிருமிக்குள் நுழையவே முடியாது. பென்சிலின் வகை மருந்துகளைச் சில கிருமிகள் நொதியால் உடைத்துவிடும். கிருமிகள் சவ்வின் மேல் படலமாக ஒட்டிக்கொண்டால், தனித்தனியாக இருக்கும்போது அவற்றைக் கொல்லும் அளவைப்போல் பல மடங்கு மருந்து தேவைப்படும். இவை எல்லாம் இரத்த ஓட்டம் இயல்பாக இருக்கும்போதே நடப்பவை. அழற்சியில் நாளச் சுவர் கசிவதால் மருந்து சவ்வுக்குள் இறங்குவது எளிதாகவும் ஆகலாம்.

இரத்த ஓட்டம் உண்மையிலேயே நின்றுபோய், அதனால் மருந்து சேராமல் போகும் நோய் ஒன்று இருக்கிறது. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது நாமெல்லாம் கேள்விப்பட்ட கருப்புப் பூஞ்சை. அந்தப் பூஞ்சை நாளங்களுக்குள்ளேயே புகுந்து இரத்தத்தை உறைய வைக்கிறது. திசு கறுத்துச் சாகிறது. ஆம்போடெரிசின் ஊசியை எவ்வளவு போட்டாலும் செத்த திசுவுக்குள் போகாது, அதனால்தான் அதை வெட்டி அகற்றுகிறார்கள். சாயம் ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் மூக்கின் உள்மடிப்பு ஒளிராமல் கறுப்பாகவே தெரியும். இரத்தம் போகாத திசு எப்படி இருக்கும் என்பதற்கு இதுவே உண்மையான படம். செக்கச்செவேல் என்று இருக்கும் சவ்வு அந்த நிலையில் இல்லை என்ற அளவுக்கு இரண்டாவது மருத்துவர் பார்த்தது ஆறுதலான செய்திதான்.

சொட்டு மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஆறு மாதமாக மூக்கடைப்பு உள்ள வீடுகளில் அந்தச் சிறு புட்டி இல்லாமல் இருப்பது அரிது. ஆக்சிமெட்டசோலின் போன்ற சொட்டு மருந்துகள் நாளங்களைச் சுருக்கி மூக்கைத் திறக்கின்றன. 1996-இல் வெளியான ஒரு முயல் ஆய்வில், சைனஸ் அழற்சியுள்ள முயல்களுக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் அந்தச் சொட்டு விட்டார்கள். நுண்ணோக்கியில் பார்த்தபோது மருந்து விட்ட பக்கத்தில் அழற்சி கூடுதலாக இருந்தது. இரத்த ஓட்டத்தைக் குறைத்தது குணமாவதற்கு இடையூறாகியிருக்கலாம் என்பது அவர்களின் விளக்கம். அந்த விளக்கம் இன்னும் ஊகமே. முயலில் நடந்தது மனிதரிலும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சொட்டைத் தொடர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் மூக்கடைப்பு திரும்பி வந்து முன்னைவிட மோசமாகும் என்பது மனிதரிலேயே உறுதியாகத் தெரிந்த செய்தி. அப்பா அதை மாதக்கணக்கில் விட்டுக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது இதமாக இருக்கும். அது இரத்த ஓட்டத்தைக் கூட்டி நோயைத் தீர்க்கும் என்று எண்ணிவிட வேண்டாம். வயதானவர் தனியாகக் கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் குனிவதும் வேண்டாம்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இரத்த ஓட்டத்தைப் பற்றிக் கேட்பதைவிட வேறு சிலவற்றைக் கேட்டால் பயன் அதிகம். சைனஸின் திறப்பு அடைத்திருக்கிறதா, சி.டி. ஸ்கேன் என்ன காட்டுகிறது என்று கேளுங்கள். நான்காவது ஆன்டிபயாடிக் எழுதும் முன் சீழை எடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப முடியுமா என்றும் கேளுங்கள். தொல்லை ஒரே பக்கத்தில் மட்டும் இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லின் வேர் சைனஸின் தரையை ஒட்டியே இருக்கிறது. சொத்தைப் பல்லோ, பூஞ்சை உருண்டையோ, சில வேளை கட்டியோகூட ஒருபக்க சைனஸாக வேடமிடும். சர்க்கரை அளவைப் பார்த்தீர்களா? நாட்பட்ட சைனஸ் அழற்சிக்கு இப்போது முதலில் பரிந்துரைப்பவை உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும்தான். கழுவும் நீர் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்க வேண்டும். ஸ்ப்ரேயை இரண்டு நாள் அடித்துவிட்டுப் பலனில்லை என்று நிறுத்துகிறவர்கள் ஏராளம். அதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். மூக்கில் அடிக்கும் அளவு மாத்திரையின் அளவைவிட மிகக் குறைவு.

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல் அல்லது இரட்டையாகத் தெரிதல், கன்னம் மரத்துப்போதல், மூக்கிலோ அண்ணத்திலோ கறுப்பு நிறம், காய்ச்சலோடு தாங்க முடியாத தலைவலி ஆகிய இவற்றில் எது வந்தாலும் அடுத்த நாள் வரை காத்திருக்க வேண்டாம். அன்றே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கடலூரிலேயே அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. அங்கிருந்து மேலே அனுப்பினாலும் கோரிமேட்டிலுள்ள ஜிப்மருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம்தான்.